கேட்டதும் பதிலும்: கடல் நீரைச் சேமிக்கலாம், கெட விடக்கூடாது

கேள்வி: பரமக்குடி அருகே கிராமத்தில் இருக்கிறோம். கொஞ்சம் நிலம், வானம் பார்த்த விவசாயம். மகளிர் குழுவில் 25,000 ரூபாய் கடன் வாங்கி, வீட்டின் பின்கட்டில் 100 லிட்டர் கண்ணாடித் தொட்டி மூன்று வைத்து, 120 கோமாளி மீன் குஞ்சுகள் விட்டு வளர்த்தோம். மாதம் ஒருமுறை குட்டி யானை வண்டியில் கடற்கரைக்குப் போய் இரண்டு 200 லிட்டர் டிரம்மில் தண்ணீர் கொண்டுவருவோம். முதல் டிரம் தண்ணீரை அவ்வப்போது எடுத்துப் பயன்படுத்தினோம், ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவது டிரம் மூடியபடியே 40 நாள் இருந்தது. திறந்தபோது வாடை அடித்தது. கடல் தண்ணீர் என்றால் அப்படித்தான் என்று நினைத்து, மூன்று தொட்டியிலும் பாதித் தண்ணீரை இறக்கிவிட்டு இதை ஊற்றினோம். அன்று இரவே மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. விடிவதற்குள் 83 மீன்கள் செத்துவிட்டன. கடல் மீனுக்குக் கடல் தண்ணீரே எப்படி விஷமாகும்? மிச்சம் உள்ள 37 மீன்களைக் காப்பாற்ற முடியுமா? கடல் தண்ணீரை எத்தனை நாள் வைத்திருக்கலாம்?

– ஒரு வாசகி, ராமநாதபுரம் மாவட்டம்

பதில்: இதழ் அச்சாகி வரும்வரை அந்த 37 மீன்களும் காத்திருக்க முடியாது. எனவே அவசரமாகச் செய்ய வேண்டியவை வாசகிக்குத் தொலைபேசியிலேயே சொல்லப்பட்டன. மற்றவர்களுக்கும் உதவும் என்பதால் அவற்றை இங்கே முதலில் தருகிறோம்.

அந்த டிரம்மில் மிச்சமுள்ள தண்ணீரை ஒரு சொட்டுகூடத் தொட்டியில் சேர்க்கக்கூடாது. காற்றுக் குமிழி விடும் மோட்டாரை இரவும் பகலும் நிறுத்தாமல் ஓட்ட வேண்டும். செத்த மீன்கள், தின்னாமல் கிடக்கும் தீவனம் அனைத்தையும் அகற்ற வேண்டும். இரண்டு நாள் தீவனத்தை நிறுத்தி, பிறகு வழக்கமான அளவில் பாதி மட்டும் கொடுக்க வேண்டும். அலங்கார மீன் கடையில் கிடைக்கும் சோதனைப் பெட்டியால் அம்மோனியா அளவைப் பார்க்க வேண்டும். நல்ல கடல் நீர் கிடைத்ததும் ஒரே மூச்சில் பாதியை மாற்றாமல், ஒரு தொட்டிக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் 10 முதல் 15 லிட்டர் வீதம் மாற்ற வேண்டும். இதைத் தாண்டிப் பிழைத்த மீன்கள் தேறுவதற்கு வாய்ப்பு உண்டு.

அந்த டிரம்மில் நடந்தது என்ன?

கடலில் மொண்ட தண்ணீர் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்தாலும் அது உயிருள்ள தண்ணீர். கண்ணுக்குத் தெரியாத பாசிகளும் நுண்ணுயிர்களும் மீன் முட்டைகளும் சிறு லார்வாக்களும் அதில் உள்ளன. டிரம்மை மூடி இருட்டில் வைத்ததும் பாசிகள் வெளிச்சமின்றிச் சாகின்றன. செத்தவற்றைப் பாக்டீரியாக்கள் அழுக வைக்கின்றன. அந்த வேலையில் தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் தீர்ந்துபோகிறது. மூடி இறுக்கமாக இருப்பதால் வெளிக்காற்றும் உள்ளே புகாது.

ஆக்சிஜன் தீர்ந்த பிறகுதான் ஆபத்து தொடங்குகிறது. கடல் நீரில் சல்பேட் என்ற பொருள் ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 2.7 கிராம் இருக்கிறது. காற்று இல்லாத இடத்தில் வாழும் ஒருவகைப் பாக்டீரியா இந்தச் சல்பேட்டை ஹைட்ரஜன் சல்பைடு வாயுவாக மாற்றுகிறது. அழுகிய முட்டை வாடை இதனுடையதுதான். நெல் விவசாயிகளுக்கு இது புதிதல்ல. வடிகால் இல்லாமல் தண்ணீர் தேங்கிய வயலில் காலை வைத்தால் இதே வாடை வரும். அங்கே பயிரின் வேர் கறுத்திருக்கும். நெல்லின் வேரைக் கெடுக்கும் அதே வாயு மீனின் மூச்சையும் அடைக்கிறது. அழுகலில் உண்டான அம்மோனியாவும் கூடச் சேர்ந்திருக்கும். ஆக்சிஜன் இல்லாத தண்ணீர், சல்பைடு, அம்மோனியா என மூன்றும் ஒரே நேரத்தில், அதுவும் தொட்டியின் பாதி அளவுக்குப் போய்ச் சேர்ந்தன. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்ததற்குக் காரணம் இதுதான்.

டிரம்மில் முன்பு இருந்த ரசாயனம் காரணமாக இருக்குமோ என்ற சந்தேகமும் எழும். வாசகியிடம் விசாரித்ததில் இரண்டு டிரம்களும் ஒரே கடையில், ஒரே நாளில், ஒரே வகையாக வாங்கியவை என்று தெரிந்தது. முதல் டிரம் தண்ணீரால் மீனுக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு, ஒன்று அடிக்கடி திறக்கப்பட்டது, மற்றது 40 நாள் இறுக்கமாக மூடியிருந்தது என்பதே. வாடையும் அதையே சொல்கிறது. எனவே கடல் தண்ணீரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. காற்றும் வடிகட்டலும் இல்லாமல் பூட்டி வைத்ததுதான் தவறு.

ஓர் எச்சரிக்கை. இப்படி வாடை அடிக்கும் டிரம்முக்குள் தலையை விட்டு முகர்ந்து பார்க்கக் கூடாது. அந்த வாயு மனிதருக்கும் விஷம். திறந்த வெளியில் வைத்து மூடியைத் திறந்து, சற்றுத் தள்ளி நிற்க வேண்டும்.

சரியாகச் சேமிக்கும் முறை

*1. டிரம்:* உணவுப் பொருள் வைத்திருந்த டிரம் அல்லது புதிய டிரம் மட்டுமே. அடியில் முக்கோணத்துக்குள் 2 என்ற எண் உள்ள கெட்டிப் பிளாஸ்டிக் நல்லது. பூச்சிமருந்து, களைக்கொல்லி, அமிலம் இருந்த டிரம்மை எத்தனை முறை கழுவினாலும் பயன்படுத்தக்கூடாது. சோப்புத் தூளும் வேண்டாம். நல்ல தண்ணீரில் பலமுறை அலசினால் போதும்.

விவசாயக் குடும்பங்களில் இன்னொரு ஆபத்து உண்டு. மயில் துத்தம் கரைத்த வாளி, போர்டோக் கலவை தயாரித்த அண்டா, மருந்து தெளிக்கும் பம்பின் குழாய் ஆகியவை கைக்கு எட்டும் இடத்திலேயே இருக்கும். அவசரத்துக்கு அவற்றை எடுத்துவிடுவோம். தாமிரம் மிகக் குறைந்த அளவிலும் கடல் உயிரினங்களுக்குக் கேடு. மீனுக்கென்று தனி வாளி, தனிக் குழாய், தனி மக்கு வைத்து, சிவப்புப் பெயின்ட்டால் அடையாளம் போட்டுவிட வேண்டும். பித்தளைக் குழாய், நாகம் பூசிய இரும்புக் குழாய் இரண்டும் உப்பு நீரில் அரித்துக் கரையும். பிளாஸ்டிக் குழாயே பொருத்தம்.

*2. நீர் எடுக்கும் இடம்:* ஆற்று முகத்துவாரம், சாக்கடை கலக்கும் இடம், படகுத் துறை, இறால் பண்ணைக் கழிவு விழும் இடம் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கரையோரக் கடல் நீரின் உப்பு குறைந்துவிடும். வைகை கடலில் சேரும் ஆற்றங்கரைப் பகுதியில் ஆற்றில் வெள்ளம் வந்தால் இது தெளிவாகத் தெரியும். கோடையில் ஆழம் குறைந்த கடற்பகுதிகளில் உப்பு கூடும். ஆகவே டிரம்மை நிரப்பும் முன், கரையிலேயே உப்பின் அளவைப் பார்த்துவிட்டால் வண்டி வாடகை வீணாகாது.

*3. வடிகட்டல்:* நான்காக மடித்த வெள்ளைப் பருத்தித் துணியில் வடிகட்டியே டிரம்மில் ஊற்ற வேண்டும். வீட்டுக்கு வந்து ஒருநாள் தெளியவிட்டு, அடி மண்டியை விட்டுவிட்டு மேல் தண்ணீரை மட்டும் வேறு டிரம்முக்கு மாற்ற வேண்டும்.

*4. கிருமி நீக்கம்:* 200 லிட்டருக்கு நல்ல பிளீச்சிங் பவுடர் 7 கிராம். பவுடரில் 30 சதவீதம் குளோரின் இருந்தால், இந்த அளவு ஒரு லிட்டருக்கு 10 மில்லிகிராம் குளோரின் தரும். ஒரு மக்குத் தண்ணீரில் கரைத்து, தெளியவிட்டு, தெளிந்த நீரை மட்டும் ஊற்ற வேண்டும். பிரித்து வைத்த பழைய பவுடருக்கு வீரியம் குறைவு. இந்த வேலையை மீன் தொட்டி இருக்கும் அறையில் செய்யக்கூடாது.

ஊற்றியபின் மூடியைத் தளர்வாக வைத்து இரண்டு நாள் விடாமல் காற்றுக் குமிழி விட வேண்டும். பிறகு குளோரின் போய்விட்டதா என்று பார்க்க வேண்டும். ஊராட்சியில் மேல்நிலைத் தொட்டி இயக்குபவர் குடிநீரில் குளோரின் பார்க்க வைத்திருக்கும் சோதனைப் பெட்டியே இதற்கும் போதும். மஞ்சள் நிறம் வந்தால் குளோரின் மிச்சம் இருக்கிறது என்று பொருள். மிச்சம் லிட்டருக்கு 1 மில்லிகிராம் என்றால், 200 லிட்டருக்கு ஒன்றரை கிராம் சோடியம் தயோசல்பேட் சேர்த்துக் கலக்கி, மறுபடியும் பார்க்க வேண்டும். நிறம் அறவே வராதபோதுதான் அந்தத் தண்ணீர் மீனுக்கு ஆகும்.

*5. வைக்கும் இடம்:* நிழலும் இருட்டும் உள்ள இடம். வெயில் பட்டால் பாசி பிடிக்கும், தண்ணீரும் சூடேறும். தூசியும் பல்லியும் கொசுவும் விழாதபடி மூட வேண்டும். ஆனால் காற்றுக் குழாய் போக ஒரு துளை இருக்க வேண்டும். தினமும் சில மணி நேரமாவது குமிழி ஓடட்டும். மின்வெட்டு அதிகமுள்ள ஊரில் பேட்டரியில் ஓடும் சிறிய மோட்டார் ஒன்று அவசியம். அதை முதலில் மீன் தொட்டிக்குக் கொடுக்க வேண்டும், டிரம் காத்திருக்கலாம்.

*6. எத்தனை நாள்?* வடிகட்டி, கிருமி நீக்கி, இருட்டில், காற்றோட்டத்துடன் வைத்த கடல் நீர் பல வாரங்கள் கெடாது. எனினும் வீட்டளவில் வளர்ப்பவர்கள் ஒரு மாதத் தேவைக்கு மேல் சேர்த்து வைக்காமல் இருப்பது நல்லது. ஒவ்வொரு டிரம்மிலும் நிரப்பிய தேதியை எழுதி ஒட்டிவிட்டால், முதலில் வந்ததை முதலில் தீர்க்கலாம். விதை மூட்டைக்குச் செய்கிற அதே கணக்குத்தான்.

ஊற்றும் முன் நான்கு சோதனைகள்

வாடை: நல்ல கடல் நீரில் லேசான கடல் மணம்தான் இருக்கும். அழுகல் வாடை இருந்தால் கொட்டிவிட வேண்டும். ஒருநாள் குமிழி விட்டால் சல்பைடு வாடை போய்விடலாம், அம்மோனியா போகாது.

உப்பு: தொட்டி நீருக்கும் புது நீருக்கும் லிட்டருக்கு 1 கிராமுக்கு மேல் வித்தியாசம் வேண்டாம். ரிஃப்ராக்டோமீட்டர் என்னும் உப்பளவுக் கருவி வாங்குவது வீண் செலவல்ல. அதன் அளவு சரியா என்று பார்க்க ஒரு வழி உண்டு. அயோடின் கலக்காத சுத்தமான உப்பு 36.5 கிராமை 963.5 கிராம் காய்ச்சி வடித்த நீரில் கரைத்தால், கருவி 35 காட்ட வேண்டும். காட்டாவிட்டால் திருகைத் திருப்பிச் சரிசெய்ய வேண்டும்.

அம்மோனியா: சோதனைப் பெட்டியில் பூஜ்யம் காட்ட வேண்டும்.

வெப்பம்: தொட்டிக்கும் டிரம்முக்கும் ஒன்றிரண்டு டிகிரிக்கு மேல் வித்தியாசம் கூடாது. முந்தைய நாள் மாலையே தேவையான தண்ணீரை வாளியில் எடுத்து, தொட்டி இருக்கும் அறையில் குமிழி விட்டு வைத்தால் காலையில் சமமாகிவிடும்.

இவையெல்லாம் சரியாக இருந்தாலும், புது டிரம் தண்ணீரை முதலில் ஒரே ஒரு தொட்டிக்கு மட்டும் விட்டு ஒருநாள் பார்க்க வேண்டும். புது மருந்தை எல்லா வயலிலும் ஒரே நாளில் யாரும் அடிப்பதில்லை அல்லவா? வாரத்துக்கு 100 லிட்டருக்கு 10 முதல் 15 லிட்டர் மாற்றினால் போதும். மெல்லிய குழாயில் அரை மணி நேரம் சொட்டுச் சொட்டாக இறங்கட்டும். வாசகி செய்தது போலப் பாதியை ஒரேயடியாக மாற்றினால், தவறு நேரும்போது திருத்திக்கொள்ள இடமே இருக்காது.

---

கேள்வி: தொட்டியில் தண்ணீர் வற்றும்போது கடல் தண்ணீரையே ஊற்றி நிரப்புகிறோம். சரிதானே?

– ஒரு வாசகர், கீழக்கரை

பதில்: சரியல்ல. தண்ணீர்தான் ஆவியாகிறது, உப்பு தொட்டியிலேயே தங்கிவிடுகிறது. 100 லிட்டர் தொட்டியில் லிட்டருக்கு 35 கிராம் வீதம் 3,500 கிராம் உப்பு இருக்கிறது. 10 லிட்டர் வற்றினால் அதே 3,500 கிராம் 90 லிட்டரில் இருக்கும். அதாவது லிட்டருக்கு ஏறத்தாழ 39 கிராம். அதில் 10 லிட்டர் கடல் தண்ணீர் ஊற்றினால் இன்னும் 350 கிராம் உப்பு கூடி, 100 லிட்டரில் 3,850 கிராம் ஆகிவிடும். சில வாரங்களில் மீன் தாங்காது.

வற்றியதற்கு ஈடாக நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். ஆர்.ஓ. தண்ணீர் அல்லது சுத்தமாகப் பிடித்த மழைநீர் ஏற்றது. மழைநீர் என்றால் முதல் இரண்டு மழையை ஓடவிட்டு, பிறகு ஓட்டுக் கூரை அல்லது மாடித் தளத்திலிருந்து பிடிக்கலாம். தகரக் கூரைத் தண்ணீர் வேண்டாம். தொட்டிக் கண்ணாடியில் நீர்மட்டத்துக்கு ஒரு டேப் ஒட்டிவிட்டால், தினமும் காலையில் அந்தக் கோடு வரை நிரப்பலாம். வீட்டுப் பிள்ளைகளே இதைச் செய்துவிடுவார்கள்.

கோடையில் கொண்டுவந்த கடல் நீரில் உப்பு கூடுதலாக இருந்தாலும் இதே கணக்குத்தான். 200 லிட்டரில் 38 கிராம் காட்டுகிறது, 33 ஆக வேண்டும் என்றால், கூடுதலாக உள்ள 5-ஐ 200-ஆல் பெருக்கி, 33-ஆல் வகுத்தால் 30 வரும். 30 லிட்டர் நல்ல தண்ணீர் சேர்த்தால் போதும்.

---

கேள்வி: எங்கள் ஊரில் உப்பளம் இருக்கிறது. கடல் தண்ணீரில் எடுத்த உப்பைத்தானே திரும்பக் கரைக்கிறோம், அதில் கடல் மீன் வளராதா? எங்கள் ஆழ்துளைக் கிணற்றிலும் உப்புத் தண்ணீர்தான் வருகிறது. அதைப் பயன்படுத்தலாமா?

– ஒரு வாசகர், தூத்துக்குடி மாவட்டம்

பதில்: நியாயமான கேள்வி. ஆனால் இரண்டுக்குமே பதில் கூடாது என்பதுதான்.

கடல் உப்பில் சோடியமும் குளோரைடும் சேர்ந்து ஏறத்தாழ 85 சதவீதம். மீதியில் சல்பேட், மக்னீசியம், கால்சியம், பொட்டாசியம் முதலியவை இருக்கின்றன. உப்பளத்தில் தண்ணீர் சுண்டும்போது எல்லாம் ஒன்றாக இறுகுவதில்லை. முதலில் சுண்ணாம்பு, அடுத்து ஜிப்சம், அதன்பிறகே சாப்பாட்டு உப்பு படிகிறது. கசப்பான மக்னீசியம் கடைசிக் கழிவு நீரிலேயே நின்றுவிடுகிறது. உப்பளத் தொழிலாளர்கள் அந்தக் கழிவு நீரை வடித்துவிடுவது இதனால்தான். ஆக, உப்பளத்து உப்பு கடலின் ஒரு பகுதிதானே தவிர முழுக் கடல் அல்ல. கரைத்தால் உப்புக் கரிக்கும், ஆனால் கடல் நீர் ஆகாது. கடை உப்பில் அயோடினும் கட்டி பிடிக்காமல் இருக்கச் சேர்க்கும் பொருளும் இருப்பதால் அதுவும் ஆகாது.

நிலத்தடி உப்பு நீரின் சேர்க்கை ஊருக்கு ஊர் மாறும். பெரும்பாலும் அதில் பொட்டாசியம் கடல் நீரைவிடக் குறைவு. உப்பளவுக் கருவி சரியான எண்ணைக் காட்டினாலும் மீனுக்குத் தேவையான விகிதம் அதில் இருக்காது.

கடற்கரைக்குப் போக முடியாதவர்களுக்கு, மீன் வளர்ப்புக்கென்று விற்கப்படும் செயற்கைக் கடல் உப்பு இருக்கிறது. ஆர்.ஓ. தண்ணீர் லிட்டருக்கு ஏறத்தாழ 35 முதல் 38 கிராம். தண்ணீரில் குமிழி விட்டுக்கொண்டே உப்பைச் சிறிது சிறிதாகப் போட வேண்டும். உப்பைக் கொட்டி அதன்மேல் தண்ணீர் ஊற்றினால் சுண்ணாம்புச் சத்து வெள்ளையாகத் திரிந்து படிந்துவிடும். ஒருநாள் முழுக்கக் குமிழி ஓடிய பிறகு உப்பளவு பார்த்துப் பயன்படுத்தலாம். இதில் செத்து அழுக உயிர்கள் இல்லாததால் கடல் நீரைவிடச் சேமிப்பது எளிது. மழைக்காலத்தில் உப்பு குறைந்த கடல் நீரைத் தேற்றவும் இதைக் கொஞ்சம் சேர்க்கலாம். விலை கூடுதல் என்பதால், மழைக்காலத் தேவைக்கு மட்டும் வாங்கி வைத்துக்கொள்வது சிக்கனம். பையைப் பிரித்தபின் ஈரம் புகாமல் கட்ட வேண்டும்.

---

கேள்வி: மீன் தொட்டியில் இறக்கிய பழைய தண்ணீரைத் தென்னைக்கு விடுகிறேன். தென்னைக்கு உப்பு போடுவது வழக்கம்தானே? ஆனால் பக்கத்தில் இருந்த கறிவேப்பிலை பட்டுவிட்டது. ஏன்?

– ஒரு வாசகர், திருப்புல்லாணி

பதில்: இதை உடனே நிறுத்த வேண்டும். தென்னங்கன்று நடும் குழியில் உப்பு இடும் வழக்கம் உண்டு. கெட்டியான செம்பாறை மண்ணை இளக்குவதற்காக, நடும்போது ஒருமுறை செய்வது அது. வாரந்தோறும் கடல் நீர் ஊற்றுவது வேறு.

பரமக்குடி வாசகியின் மூன்று தொட்டிகளைக் கணக்குக்கு எடுத்துக்கொள்வோம். வாரம் தொட்டிக்கு 15 லிட்டர் மாற்றினால் 45 லிட்டர். லிட்டருக்கு 35 கிராம் வீதம் 1,575 கிராம் உப்பு. ஆண்டுக்கு 52 வாரம் என்றால் ஏறத்தாழ 82 கிலோ. 50 கிலோ மூட்டையில் ஒன்றரை மூட்டைக்கு மேல்! அதைக் கொல்லையில் கொட்டுவதை யாரும் சும்மா பார்த்துக்கொண்டிருக்க மாட்டோம். தண்ணீரில் கரைந்திருப்பதால் கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

முதலில் போவது கறிவேப்பிலையும் முருங்கையும் அவரைப் பந்தலும். பிறகு களிமண்ணில் சோடியம் ஏறி, மண் இறுகி, மழைநீரே இறங்காமல் தேங்கும். கிணறு பக்கத்தில் இருந்தால் குடிநீரும் கரிக்கத் தொடங்கும். மீனில் வந்த லாபம் அந்தக் கிணற்றை மீட்கப் போதாது.

செய்யக்கூடியவை இரண்டு. ஒன்று, பழைய நீரைத் தனி டிரம்மில் சேர்த்து, அடுத்த முறை கடல் தண்ணீர் எடுக்கப் போகும்போது கொண்டுபோவது. வண்டி எப்படியும் காலி டிரம்மோடுதானே போகிறது? ஆனால் கடலில் விடும் முன் மேலே சொன்னபடி பிளீச்சிங் பவுடர் போட்டு, குளோரின் அறவே போன பிறகே விட வேண்டும். தொட்டியின் நோய் கடலுக்குப் போகக்கூடாது. மருந்து போட்ட தொட்டி நீரை இந்த வழியில் விட வேண்டாம். வளர்த்த மீனையும் கடலில் விடக்கூடாது.

இரண்டு, கடலுக்குத் தொலைவில் இருப்பவர்கள் வெயிலில் ஆழமில்லாத பாத்தி கட்டி, கிழிசல் இல்லாத தார்ப்பாய் விரித்து, அதில் பழைய நீரைச் சுண்டவிடலாம். மழை வந்தால் மூட வேண்டும். ஆடு மாடு வந்து குடிக்காதபடி வேலி அவசியம். கடல் நீர் கால்நடைக்கு ஆகாது. சுண்டிய உப்பைச் சமையலுக்கோ மாட்டுத் தீவனத்துக்கோ பயன்படுத்தாமல், சாக்கில் கட்டி வைத்து, கடற்கரைக்குப் போகும் வண்டியில் அனுப்பிவிட வேண்டும்.

உப்பு ஏறிய கொல்லை மண்ணைப் பரிசோதனை நிலையத்தில் காட்டி, உப்புத்தன்மையும் கார அமிலத் தன்மையும் பார்க்க வேண்டும். சோடியம் ஏறியிருந்தால் ஜிப்சம் எவ்வளவு இடுவது என்று அங்கேயே சொல்வார்கள். ஜிப்சம் இட்டு, நல்ல தண்ணீரைத் தேக்கி வடித்தால்தான் பலன். வடிகால் இல்லாமல் ஜிப்சம் மட்டும் இட்டுப் பயனில்லை.

---

திரும்பத் தொடங்குவோருக்கு

பரமக்குடி வாசகி கடிதத்தின் கடைசியில், குழுவில் மற்றவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது என்று தெரியவில்லை என்று எழுதியிருந்தார். விதை முளைக்காமல் போன வயலுக்கும், தண்ணீர் கெட்டு மீன் போன தொட்டிக்கும் வித்தியாசம் இல்லை. இரண்டிலும் காரணத்தைக் கண்டுகொண்டவர் அடுத்த முறை அதே இழப்பைச் சந்திப்பதில்லை. நடந்ததை மறைக்காமல் குழுவில் சொல்வது நல்லது. அதே டிரம், அதே பழக்கம் வேறு உறுப்பினர் வீட்டிலும் இருக்கலாம்.

இப்போதைக்குப் புதுக் குஞ்சு வாங்க வேண்டாம். பிழைத்த 37 மீன்களையும் மெதுவாக ஒரு தொட்டிக்குக் கொண்டுவந்து, அது ஒரு மாதம் இறப்பின்றி ஓடட்டும். வடிகட்டியில் உள்ள நல்ல பாக்டீரியாக்கள்தாம் மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. கெட்ட நீரால் அவையும் பாதிக்கப்பட்டிருக்கும். வடிகட்டிப் பஞ்சைக் குழாய்த் தண்ணீரில் கழுவாமல், தொட்டியிலிருந்து இறக்கிய பழைய உப்பு நீரிலேயே அலச வேண்டும். அம்மோனியா தொடர்ந்து பூஜ்யம் காட்டிய பிறகு இரண்டாவது தொட்டியைத் தொடங்கலாம்.

குஞ்சுகளைப் பொரிப்பகத்தில் பிறந்தவையாகவே வாங்க வேண்டும். மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையம் கோமாளி மீன் உள்ளிட்ட கடல் அலங்கார மீன்களின் குஞ்சு உற்பத்தியில் அனுபவம் உள்ளது. தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியிலும் ஆலோசனை கேட்கலாம். தொட்டி அழகுக்காகப் பவளப் பாறைத் துண்டு, கடல் விசிறி எடுத்துவரும் பழக்கம் சிலரிடம் உண்டு. பவளமும் கடல் விசிறியும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை, எடுப்பது குற்றம். 21 தீவுகளைக் கொண்ட மன்னார் வளைகுடா தேசியப் பூங்காப் பகுதிக்குள் தண்ணீர் எடுக்கப் போவதும் வேண்டாம். ஊர்க் கரையில் கிடைக்கும் சுத்தமான தண்ணீரே போதும்.

ஒரு நோட்டு போட்டுக்கொள்ளலாம். தேதி, டிரம் எண், உப்பளவு, அம்மோனியா, மாற்றிய லிட்டர், இறந்த மீன் என்று ஆறு கட்டம். தினமும் இரண்டு நிமிட வேலை. இரண்டாவது டிரம் 40 நாள் ஆனது என்பது அந்த நோட்டில் இருந்திருந்தால், மூடியைத் திறக்கும்போதே வாசகிக்குச் சந்தேகம் வந்திருக்கும். 83 மீன்களும் இருந்திருக்கும்.